அறுகாற் சிற்றுயிர்

உலகத்தில் வாழும் விலங்கினங்களுள் எண்ணாலும் வகையாலும் மிக்கன பூச்சிகளே ஆகும். அறிஞர் இதுகாறும் ஆராய்ந்து பெயரிட்டுள்ள பூச்சியினங்கள் மட்டும் ஏறத்தாழ 10 இலட்சம் என்பர். இன்னும் பெயர் பெறாதன பல இலட்சம் உள. காட்டிலும் பாலையிலும், குளக்கரையிலும் வயல்வரப்பிலும், நம் வீட்டு அரிசிப் பானையிலுங்கூட அவை வாழ்கின்றன. தலை, மார்பு, வயிறு என மூன்று கூறாக அமைந்த உடலும், மார்பிலிருந்து எழும் ஆறு கால்களும் வளர்ந்த பூச்சிக்கு இலக்கணமாம். எட்டுக் கால்களையுடைய சிலந்தியும் தேளும் இவ்வினத்துள் அடங்கா. பழந்தமிழ் இலக்கண ஆசிரியராகிய தொல்காப்பியர், உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாகப் பகுத்தபோது, கறையானையும் எறும்பையும் மூவறிவுயிர் என்றும், தும்பியை நாலறிவுயிர் என்றும் எண்ணி வைத்தார். சிற்றுயிர்தானே என்று அவற்றை அவர் விட்டுவிடவில்லை.

ஆயினும், மக்களிற் பெரும்பாலார் பூச்சி என்ற அளவிலே முகஞ்சுளிக்கின்றனர். கொசு நோயைப் பரப்புகின்றது. அந்து நெல்லைத் தின்கின்றது. புழு காயைத் துளைக்கின்றது. இவை உண்மையே. ஆனால், இவை முழு உண்மையல்ல. பூச்சிகள் மலர்தோறும் சென்று மகரந்தத்தைச் சேர்ப்பதனாலேயே பூசணியும் முருங்கையும் மாவும் காய்க்கின்றன. உதிர்ந்த இலையையும் இறந்த உடலையும் சாணத்தையும் மண்ணோடு மண்ணாக்கி நிலத்திற்கு உரமூட்டுவாருள் பூச்சிகளும் முன்னிற்கின்றன. பறவைகள் தம் குஞ்சுகளுக்கு ஊட்டும் உணவு பெரும்பாலும் புழுவும் பூச்சியுமே. இயற்கை வளம் என்றவுடன் நிலம், நீர், காடு, கனிப்பொருள் ஆகியவற்றையே நாம் நினைக்கின்றோம். அவற்றுள் முதல் மூன்றையும் வளங்குன்றாது காக்கும் பணியில் பூச்சிகளுக்கும் பங்குண்டு. ஆதலின் அவையும் ஒருவகை வளமே என்பதில் ஐயமில்லை.

இவ்வுண்மையை இளஞ்சிறார்க்கு எடுத்துக் கற்பிப்பது எளிதன்று. பூச்சியைப் பற்றி மிகுதியும் அறிந்தவர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர். பூச்சியை மிகுதியும் காண்பவர் சிற்றூர்ப் பள்ளிச் சிறுவர். இவ்விருவரும் ஒருவரையொருவர் சந்தித்தல் அரிது. அங்ஙனம் சந்திக்குமாறு செய்த முயற்சி ஒன்று, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க நாட்டின் நியூயார்க் மாநிலத்தில் நிகழ்ந்தது. அதன் வரலாற்றையே இப்பாடத்திற் காண்போம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1862-ஆம் ஆண்டு மாரில் சட்டம் என்பதொன்று நிறைவேறிற்று. குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் அதற்குக் கையெழுத்திட்டார். ஒவ்வொரு மாநிலமும், நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் தனக்குள்ள உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் 30,000 ஏக்கர் வீதம் பொதுநிலம் பெறும். அந்நிலத்தை விற்ற பொருளைக் கொண்டு உழவும் தொழிற்கலையும் கற்பிக்கும் கல்லூரியை நிறுவ வேண்டும். இதுவே அச்சட்டத்தின் கருத்து. அந்நிலங்கள் முன்னர்ப் பழங்குடி மக்களுக்கு உரியவாயிருந்து, அவர்களிடமிருந்து பெரிதும் வன்முறையாலும் வஞ்சனையாலும் கொள்ளப்பட்டவை என்பதையும் வரலாறு கூறாமல் விடாது. இவ்வாறு நிலக்கொடை பெற்ற நிலையங்களுள் ஒன்று, இத்தாக்கா என்னும் ஊரில் கயூகா ஏரிக்கு மேலுள்ள குன்றின்மீது 1868-இல் திறக்கப்பெற்ற கார்னெல் பல்கலைக்கழகம்.

அப்பல்கலைக்கழகத்திற் பயில வந்தவருள் ஜான் ஹென்றி காம்ஸ்டாக் என்பவர் ஒருவர். 1849-இற் பிறந்த அவர் வறுமையில் வளர்ந்தவர். பேரேரிகளிற் செல்லும் கப்பல்களிற் சமையற்காரராகப் பணிபுரிந்து பொருளீட்டினார். 1870-ஆம் ஆண்டில், கப்பல் பபலோ நகரில் தங்கியபோது, அவர் ஒரு புத்தகக் கடைக்குள் நுழைந்தார். பயிர்க்குத் தீங்கு செய்யும் பூச்சிகளைப் பற்றி ஹாரிஸ் என்பார் எழுதிய நூலொன்று அங்கிருந்தது. பூச்சிகளைப் பற்றி மட்டுமே ஒருவர் ஒரு பெருநூல் எழுதக்கூடும் என்பதை அவர் அன்றுதான் அறிந்தார். நூலின் விலை 10 டாலர். கப்பற் சமையற்காரர்க்கு அது பெருந்தொகை. எனினும் அதனை வாங்கினார். தம் வாழ்நாள் முழுவதும் இத்துறைக்கே என்று துணிந்தார்.

கார்னெலிற் சேர்ந்தபோது பூச்சியியலைக் கற்பிப்பார் அங்கு ஒருவருமிலர். அவர்க்கு இருந்த அறிவையும் ஆர்வத்தையும் கண்ட உடன்மாணவர்கள், இவரே எங்களுக்குப் பாடஞ் சொல்லட்டும் என்று பல்கலைக்கழகத்தாரை வேண்டினர். அவ்வாறே, தாம் பட்டம் பெறுவதற்கு முன்பே, 1872-இல் அவர் விரிவுரை நிகழ்த்தத் தொடங்கினார். 1874-இற் பட்டம் பெற்றபின் அங்கேயே ஆசிரியரானார். பின்னர், 1888-இல் உயிருள்ள பூச்சிகளை உயிருள்ள செடிகளின்மீது வளர்த்து ஆராய்வதற்கென்றே ஒரு கட்டடத்தை எழுப்பினார். செத்த பூச்சியை ஊசியிற் குத்திப் பெயரிடுவதோடு நில்லாது, வாழும் பூச்சியின் ஒழுகலாற்றை அறிய வேண்டும் என்பது அவர் கொள்கை.

அவருடைய வாழ்க்கைத் துணைவியார் அன்னா காம்ஸ்டாக் அம்மையார். 1854-இல் நியூயார்க் மாநிலத்து ஒரு பண்ணை வீட்டிற் பிறந்த அவர்க்கு, முதலாசிரியர் அன்னையே. அவ்வன்னை, மகளின் கையைப் பற்றிக்கொண்டு வயல்வெளியிற் சென்று, காட்டுமலர்களின் பெயர்களையும் விண்மீன் கூட்டங்களையும் காட்டிக் கொடுத்தார். அம்மையார் கார்னெலிற் பயின்று, 1878-இல் ஜான் ஹென்றியை மணந்தார். கணவர் எழுதும் நூல்களுக்குப் படங்கள் வேண்டியிருந்தன. அக்காலத்தில் நுண்ணிய படங்களை மரக்கட்டையிற் செதுக்கியே அச்சிட்டனர். அம்மையார் அக்கலையை முறையாகக் கற்று, அந்துப்பூச்சியின் சிறகிலுள்ள செதில்களும் மயிர்களும் தோன்றுமாறு செதுக்கினார். 1895-இல் வெளிவந்த பூச்சியியற் கையேட்டுக்கு அவர் செதுக்கிய படங்கள் பெரும் புகழ் பெற்றன. ஒரு பூச்சியை மரத்திற் செதுக்க வேண்டுமாயின் அதனை நாள் முழுதும் உற்று நோக்குதல் வேண்டும். அவ்வுற்று நோக்கும் பழக்கமே பின்னர் அவர் பிள்ளைகளுக்குக் கொடுத்த கல்வியாயிற்று.

1893-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் பெரும் பொருளாதார வீழ்ச்சி நேர்ந்தது. விளைபொருள் விலை சரிந்தது. உழவர் குடும்பத்து இளைஞர்கள் நிலத்தை விட்டு நீங்கி, வேலை தேடி நியூயார்க் நகரை அடைந்தனர். அங்கும் வேலையில்லை. நகரத்து அறநிலையங்களால் அவர்களைத் தாங்க இயலவில்லை. ஏன் இவர்கள் நிலத்தை வெறுத்து வருகின்றனர் என்று சான்றோர் சிலர் ஆராய்ந்தனர். தம் காலடியிலுள்ள மண்ணையும், அதில் வாழும் உயிரையும், அதன் மேல் வளரும் பயிரையும் பற்றிப் பள்ளியில் ஒருநாளும் கேளாத பிள்ளைக்கு, அந்நிலத்தில் என்ன பற்று உண்டாகும் என்று அவர்களுக்குத் தோன்றிற்று. எனவே, இயற்கைக் கல்வி என்னும் பாடத்தைச் சிற்றூர்ப் பள்ளிகளிற் புகுத்த எண்ணினர். 1895-இல் வெஸ்ட்செஸ்டர் என்னும் மாவட்டத்தில் அதனைச் சோதித்துப் பார்த்தனர். அம்மையார் அம்முயற்சியில் துணைநின்றார். மறு ஆண்டே மாநில அரசு பொருளுதவி செய்ய, கார்னெல் பல்கலைக்கழகம் அப்பணியை மாநிலம் முழுதிற்கும் ஏற்றது. லிபர்ட்டி ஹைடு பெய்லி என்னும் தோட்டக்கலைப் பேராசிரியர் அதற்குத் தலைமை தாங்கினார்.

பணியை ஏற்றபின்னரே அதன் அருமை விளங்கிற்று. சிற்றூர்ப் பள்ளி என்பது பெரும்பாலும் ஓர் அறை. எல்லா வகுப்பிற்கும் ஆசிரியர் ஒருவர். அவர் இளவயதினர், தாமே பூச்சியியல் கற்றவரல்லர். குழந்தை ஒரு புழுவைக் கையிலேந்தி வந்து, 'ஐயா, இது என்ன?' என்று வினவினால் விடை கூற அவரால் இயலாது. விடை தெரியாமையை வெளிப்படுத்த நாணி, 'அதனை வெளியே எறிந்துவிட்டு உன் இடத்தில் அமர்' என்று அதட்டிவிடுவார். அவ்வதட்டலோடு அக்குழந்தையின் ஆர்வமும் வெளியே எறியப்பட்டுவிடும்.

இந்நோய்க்கு அம்மையார் கண்ட மருந்து வியக்கத்தக்கது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அஞ்சவேண்டா என்று ஆசிரியர்க்கு அவர் அறிவுறுத்தினார். அறிவியலில் வல்ல பேரறிஞரும் நாள்தோறும் சொல்லும் சொல் அதுதான். ஆனால், அதனோடு நின்றுவிடலாகாது. வா, நாம் இருவரும் சேர்ந்து பார்த்து அறிவோம் என்று மாணவனை அழைத்தல் வேண்டும். அப்போது ஆசிரியர் பெருமை குன்றுவதில்லை, இருவரும் உடன்பயணிகளாகின்றனர். இங்ஙனம் ஆசிரியர்க்கு ஊக்கமளிக்கும் சிறு வெளியீடுகளைப் பல்கலைக்கழகம் அச்சிட்டு ஊர்தோறும் அனுப்பிற்று. கோடை விடுமுறையில் ஆசிரியர்கள் கார்னெலுக்கு வந்து, ஓடைக்கரையிலும் காட்டுவழியிலும் பேராசிரியர்களோடு நடந்து பயின்றனர்.

மாணவர்க்கெனவும் ஓர் ஏற்பாடு இருந்தது. ஜான் ஸ்பென்சர் என்னும் பழத்தோட்ட உழவர் ஒருவரைப் பல்கலைக்கழகம் இப்பணியிற் சேர்த்துக்கொண்டது. அவரைப் பிள்ளைகள் 'ஜான் மாமா' என்றே அழைத்தனர். இளைய இயற்கைவாணர் கழகங்களை அவர் பள்ளிதோறும் அமைத்தார். கழகத்தில் உறுப்பினராகச் சேருவதற்குக் காசு வேண்டுவதில்லை. தாம் கண்கூடாகக் கண்ட ஒன்றைப் பற்றி ஜான் மாமாவுக்கு ஒரு மடல் எழுதுதலே சந்தா. எறும்பு தன் முட்டையைச் சுமந்து சென்றது, கம்பளிப்பூச்சி கூடு கட்டியது, தவளை தோலை உரித்தது என எத்தகைய செய்தியாயினும் ஆகும். ஆனால், நூலிலிருந்து பார்த்தெழுதலாகாது. மடல்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. எழுத்துப் பயிற்சியை வெறுத்த பிள்ளைகளும், சொல்வதற்கு ஒரு பொருள் கிடைத்தமையால் மகிழ்ந்தெழுதினர். இது மொழியாசிரியர் கருதத்தக்க செய்தியன்றோ?

அம்மையார் பல்லாண்டுகளாக எழுதிய பாடங்களைத் தொகுத்து, 1911-இல் இயற்கைக் கல்விக் கையேடு என்னும் பெருநூலாக வெளியிட்டார். 900 பக்கங்களுக்கு மேற்பட்ட அந்நூலை வெளியிடப் பிறர் எவரும் முன்வரவில்லை. கணவர் தம் சிறு பதிப்பகத்தின் வாயிலாகவே வெளியிட்டார்; அவரும் இதனால் பொருளிழப்பே நேரும் என்று எண்ணினார். நிகழ்ந்ததோ மாறானது. அந்நூல் இருபதிற்கு மேற்பட்ட பதிப்புகளைக் கண்டது. பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. இன்றும் விற்பனையில் உள்ளது.

அந்நூலின் முறையை ஒரு சான்றினால் விளக்குவோம். குழியானையை நீங்கள் அறிவீர்கள். வீட்டு வாயிலின் ஓரத்தில், மழைநீர் படாத நுண்மணலிற் புனல்போன்ற சிறு குழி பறித்து, அதன் அடியில் மறைந்திருக்கும் பூச்சியே அது. இது குறித்தும் அந்நூலில் ஒரு பாடம் உண்டு. முதலில் ஆசிரியர் அறியவேண்டிய செய்திகள் கதைபோற் கூறப்படுகின்றன. அதன்பின் மாணவர்க்கு வினாக்கள் தொடுக்கப்படுகின்றன. இங்ஙனம் வினவத் தொடங்கினால் வினாக்கள் ஒன்றன்பின் ஒன்றாய்ப் பெருகும். குழியின் சரிவு ஏன் ஒரே அளவாய் இருக்கின்றது? எறும்பு தவறி விழுந்தால் மேலேற இயலாதது எதனால்? அப்போது குழியினடியிலிருந்து மணல் வீசப்படுவது எதன்பொருட்டு? அப்பூச்சி முன்னோக்கி நடக்கின்றதா, பின்னோக்கி நடக்கின்றதா? வினாக்களுக்கு விடை அவ்விடத்து எழுதப்படவில்லை. விடை மணற்குழியில் இருக்கின்றது. மாணவன் குனிந்து, பொறுமையோடு காத்திருந்து, கண்ணாற் கண்டு விடையைப் பெறுதல் வேண்டும். இக்குழியானையே பின்னாளில் மணலுக்குள் கூடு கட்டி, தும்பியைப் போன்ற மெல்லிய சிறகுடைய பூச்சியாக வெளிப்படுகின்றது என்பதைத் தானே வளர்த்துக் காணும் மாணவன் அதனை ஒருநாளும் மறவான்.

எறும்பின் வாழ்க்கையைக் காண்பதற்கும் ஒரு வழி கூறப்பட்டது. இரு கண்ணாடிப் பலகைகளுக்கிடையே சிறிதளவு மண்ணைப் பரப்பி, ஒரு புற்றிலிருந்து எறும்புகளையும் அவற்றின் முட்டை புழுக்களையும் எடுத்து அதில் விடவேண்டும். அதனைச் சுற்றித் தட்டில் நீர் நிறுத்தினால் எறும்புகள் வெளியேறா. மேலே கருநிறத் துணி மூடினால் நிலத்தடி இருளென்றெண்ணி அவை அறைகளும் வழிகளும் அமைக்கும். வேண்டும்போது துணியை விலக்கிப் பார்க்கலாம். செவிலித்தாய்போல எறும்புகள் குஞ்சுகளை நக்கித் தூய்மை செய்வதையும், ஓரிடத்தில் ஈரம் குறைந்தால் வேறிடத்திற்கு எடுத்துச் செல்வதையும் கண்ட சிறுவன், பின்னர்ப் போகிற போக்கிற் புற்றை மிதித்து அழிக்க மனங்கொள்ளான். அருளுடைமையை அறிவுரையாகக் கூறாமலே ஊட்டும் வழி இதுவாம்.

இத்துணைப் பணிபுரிந்த அம்மையாரைப் பல்கலைக்கழகம் எங்ஙனம் போற்றிற்று? 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவரை உதவிப் பேராசிரியராக அமர்த்தினர். கார்னெலில் அப்பெயர் பெற்ற முதற் பெண்மணி அவரே. ஆனால், பெண்ணொருத்திக்குப் பேராசிரியர் என்னும் பெயர் கூடாது என ஆட்சிக் குழுவினருட் சிலர் தடுத்தனர். ஆகவே விரைவிலேயே அவர் விரிவுரையாளர் எனத் தாழ்த்தப்பட்டார். ஊதியம் குறையவில்லை, பெயரே குறைந்தது. 1913-இல் மீண்டும் உதவிப் பேராசிரியராகவும், 1920-இல், தம் 66-ஆம் அகவையை நெருங்கும் காலத்தில், முழுப் பேராசிரியராகவும் ஆனார். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் மனங்கசந்து வாளாவிருக்கவில்லை. மேற்கூறிய பெருநூல் அவ்வாண்டுகளிலேயே எழுதப்பெற்றது. 1923-இல் அமெரிக்கப் பெண் வாக்காளர் சங்கத்தார், நாட்டின் தலைசிறந்த பெண்மணியர் பன்னிருவருள் ஒருவராக அவரைத் தேர்ந்தெடுத்தனர். 1930-இல் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டில் கணவரும் மறைந்தார்.

பூச்சி ஒரு வளம் என்னும் கருத்து வெறும் நயவுரையன்று என்பதற்கு, அக்காலத்து நிகழ்ச்சி ஒன்று சான்றாகும். கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களில், வெண்பஞ்சு போர்த்தாற்போன்ற செதிற்பூச்சி ஒன்று பெருகி மரங்களைப் பட்டுப்போகச் செய்தது. அது ஆஸ்திரேலியாவிலிருந்து செடிகளோடு வந்தது. ஜான் ஹென்றி காம்ஸ்டாக், நடுவண் அரசின் பூச்சியியலறிஞராக இருந்தபோது, 1880-இல் அங்குச் சென்று செதிற்பூச்சிகளை ஆராய்ந்து விரிவாக எழுதினார். மருந்துகள் தெளித்தும் பயனில்லை. உழவர் மரங்களை வெட்டி எரித்தனர். அவர்க்குப் பின் அப்பதவியில் இருந்த ரைலி என்பார், 1888-இல் கோபெலி என்னும் அறிஞரை ஆஸ்திரேலியாவிற்கு அனுப்பினார். அங்கு அச்செதிற்பூச்சியையே உணவாகக் கொள்ளும் சிவந்த பொறிவண்டு ஒன்றை அவர் கண்டார். முதற்கண் அவர் அனுப்பியவற்றில் உயிரோடு வந்து சேர்ந்தவை 129 வண்டுகளே. துணிக்கூடாரத்தால் மூடிய ஓர் ஆரஞ்சு மரத்தின்மீது அவற்றை விட்டனர். அவை பெருகின, தோட்டந்தோட்டமாகப் பரவின. ஈராண்டுக்குள் ஆரஞ்சுத் தொழில் பிழைத்தது. பூச்சி அனைத்தும் பகையென்று எண்ணி எல்லாவற்றையும் ஒருங்கே அழிப்பவன், தன் படைவீரரையும் சேர்த்துக் கொல்பவன் ஆகின்றான்.

கார்னெலில் தோன்றிய இக்கருத்துப் பிற மாநிலங்களிலும் வேரூன்றிற்று. 1902-இல் ஓஹாயோ மாநிலத்தில், கிரஹாம் என்னும் பள்ளிக் கண்காணிப்பாளர் சிற்றூர்ச் சிறுவர் சிறுமியரைச் சேர்த்து ஒரு கழகம் கண்டார். மாநிலப் பல்கலைக்கழகம் அதற்குத் துணையாயிற்று. 1914-இல் நிறைவேறிய ஸ்மித்-லீவர் சட்டம், நிலக்கொடைப் பல்கலைக்கழகங்கள் தம் அறிவை வீடும் வயலும் வரை கொண்டு செல்லவேண்டும் என்று விதித்தது. அதன்பின் இத்தகைய கழகங்கள் நாடெங்கும் பெருகி, நான்கிலைத் தீவனச்செடியின் இலையைச் சின்னமாகக் கொண்டு இன்றளவும் இயங்குகின்றன. தலை, நெஞ்சம், கை, உடல்நலம் என்னும் நான்கையும் அவ்விலை குறிக்கும். அக்கழகத்துப் பிள்ளைகள் பூச்சிகளைத் திரட்டி, எங்கே, என்று, யாரால் பிடிக்கப்பட்டது என்று சிறு சீட்டில் எழுதி அடியிற் சேர்க்கின்றனர். சீட்டில்லாத பூச்சி வெறும் அணிகலன். சீட்டுள்ள பூச்சியோ சான்று. வாய்மையின் முதற்பாடம் அச்சிறு சீட்டில் அடங்கியுள்ளது.

சிறுவர் செய்யும் இப்பணி விளையாட்டாக முடிவதன்று. வட அமெரிக்காவில் மன்னர் வண்ணத்துப்பூச்சி என்பதொன்று உண்டு. அரைக் கிராம் அளவே எடையுள்ள அது, கனடாவிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் இலையுதிர் காலத்திற் புறப்பட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து தெற்கே செல்கின்றது. எங்கே சென்று குளிர்காலத்தைக் கழிக்கின்றது என்பதை அறிவியலறிஞர் நெடுங்காலம் அறிந்திலர். டொரோண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் உர்க்குவார்ட் என்பாரும் அவர் மனைவியாரும், அதன் சிறகில் சிறு சீட்டு ஒட்டிப் பறக்கவிட்டு ஆராய்ந்தனர். இருவரால் ஆகும் பணியா அது? 1952 முதல் ஆசிரியர், மாணவர் முதலிய தொண்டர்களை அவர்கள் துணைக்கு அழைத்தனர். 1975-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், மெக்சிகோ நாட்டு உயர்மலைகளில் ஊசியிலை மரங்கள்தோறும் கோடிக்கணக்கான வண்ணத்துப்பூச்சிகள் அடர்ந்து தங்கியிருத்தலை அவர்களுடைய துணைவர் கண்டனர். ஆயினும், இவை வடக்கேயிருந்து வந்தவையே என்பதற்குச் சான்று வேண்டுமன்றோ? மறு ஆண்டில் பேராசிரியரே அங்குச் சென்றார். பாரந் தாங்காது மரக்கிளை ஒன்று முறிந்து அவர் அருகே விழுந்தது. அதிலிருந்த பூச்சிகளுள் ஒன்றன் சிறகில் வெண்சீட்டு ஒட்டியிருந்தது. அது மின்னசோட்டா மாநிலத்தில் ஓர் ஆசிரியரும் அவருடைய மாணவர் இருவரும் ஒட்டிய சீட்டு! பேராசிரியர் ஏறத்தாழ 40 ஆண்டுகள் தேடிய விடையைப் பள்ளிச் சிறுவர் கைகள் எழுதிவைத்தன. 1992-இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அமைப்பொன்று இச்சீட்டுப் பணியைப் பள்ளிகளோடு சேர்ந்து தொடர்ந்தது. அப்பூச்சியின் புழு தின்னும் பாற்செடி வயல்களில் அருகிவிட்டமையால், அதனைப் பள்ளித் தோட்டங்களில் நடும் பழக்கமும் வளர்ந்துள்ளது.

இக்கல்வி இன்று முன்னினும் வேண்டப்படுகின்றது. ஜெர்மனியில் கிரெபெல்டு நகரத்துப் பூச்சியியற் சங்கத்தார், காப்பு நிலங்கள் 63-இல் 27 ஆண்டுகள் பொறிவைத்துப் பறக்கும் பூச்சிகளைப் பிடித்து நிறுத்து வந்தனர். அவற்றின் எடை அக்காலத்திற்குள் நான்கில் மூன்று பங்கிற்கு மேற் குறைந்துவிட்டது என்பது 2017-இல் வெளியாயிற்று. அச்சங்கத்தாருட் பலர் இத்துறையைத் தொழிலாகக் கொண்டவரல்லர், பூச்சிகளின்பால் அன்புடையவர். அவர்கள் பொறுமையோடு எண்ணி வைத்திராவிடின், இவ்விழப்பை எவரும் அறிந்திருக்கமாட்டார்.

நம் நாட்டிலும் நிலக்கொடைப் பல்கலைக்கழகங்களின் அமைப்பைத் தழுவியே வேளாண் பல்கலைக்கழகங்கள் தோன்றின. முதலாவது 1960-இல் பந்த்நகரில் நிறுவப்பட்டது. கோயம்புத்தூரிலிருந்த பழைய வேளாண் கல்லூரி 1971-இல் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அங்கு 2018-இல் பூச்சிகளுக்கென ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதனைக் காணும் வாய்ப்புப் பெறாதவர் வருந்தவேண்டா. நம் ஊர்ப் புறம்போக்கில் வளரும் எருக்கஞ்செடி, மேலே கூறிய பாற்செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் இலையைத் தின்று வளரும் வரிப்புழு, மன்னர் வண்ணத்துப்பூச்சிக்கு நெருங்கிய உறவாகிய செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியாக மாறுகின்றது. எருக்கங்காட்டையே அருங்காட்சியகமாகக் கொள்ளலாம்.

அமெரிக்கச் சான்றோர் எண்ணியவாறு இயற்கைக் கல்வியால் உழவர் மக்கள் நகரஞ் செல்வது நின்றதோ எனின், நிற்கவில்லை. 1920-ஆம் ஆண்டு மக்கட்கணக்கில் அந்நாட்டு நகரமக்கள் தொகை சிற்றூர் மக்கள் தொகையை விஞ்சிவிட்டது. ஆயினும் அக்கல்வி வீணாயிற்று என்று கூறுதல் பொருந்தாது. பெய்லி முதலாயினோர் பிள்ளைகளைக் கட்டாயமாக உழவராக்குதலைத் தம் நோக்கமாகக் கொண்டவரல்லர். எத்தொழில் செய்யினும், எவ்வூரில் வாழினும், இயற்கையோடு உறவுடையவராய் மகிழ்ந்து வாழ்தலே அவர்கள் விரும்பிய பயன். அவ்வுறவு உடையவனே நீரையும் மண்ணையும் காட்டையும் காப்பான். அறியாத ஒன்றினிடத்து எவர்க்கும் அன்பு பிறவாது. அன்பில்லாத ஒன்றை எவரும் காவார்.

மாணவர்களே! பேரறிவு படைத்தோர் குனிந்து ஓர் எறும்பை நோக்கினர். பள்ளிச் சிறுவர் நிமிர்ந்து பல்கலைக்கழகத்திற்கு மடல் எழுதினர். இருவரிடத்தும் இருந்தவை கூர்ந்த கண்ணும், பொறுத்திருக்கும் மனமும், கண்டதைக் கண்டவாறே உரைக்கும் வாய்மையுமே. இம்மூன்றும் விலைகொடுத்து வாங்குவன அல்ல. ஆதலின், உங்கள் வாயிலிலுள்ள மணலிலே இன்றே தொடங்குக.

பயிற்சி

1. பூச்சிகள் இயற்கை வளங்களைக் காக்கும் வகையை விளக்குக.
2. விடை தெரியாத ஆசிரியர்க்கு அன்னா காம்ஸ்டாக் அம்மையார் கூறிய வழி யாது?
3. 'சீட்டில்லாத பூச்சி வெறும் அணிகலன். சீட்டுள்ள பூச்சியோ சான்று' - இடம் சுட்டிப் பொருள் விளக்குக.
4. ஆரஞ்சுத் தோட்டங்களைப் பொறிவண்டு காத்த வரலாற்றைச் சுருக்கி எழுதுக.
5. குழியானை, எறும்பு, எருக்கம்புழு ஆகியவற்றுள் ஒன்றை மூன்று நாள் உற்றுநோக்கி, கண்டவற்றை நாளும் இடமும் குறித்து உம் ஆசிரியர்க்கு ஒரு மடலாக வரைக.